வடிவு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம்

1

"ஏளா, பள்ளிக்கூடம் போ மாட்டேன்னு பிள்ளைதான் அழும். பெத்தவளே போகண்டாம்னு சொல்லுத கூத்த நான் இப்பத்தான் பாக்கேன்."

அப்பா இதைச் சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. தச்சநல்லூரில் ஆட்டோவின் முன்கண்ணாடியில் செல்போனைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தில் பாதியும் ஆட்டோவின் கூரையும்தான் தெரிந்தன. நான் இங்கிலாந்தின் வடக்கே, மழை பெய்யாத நாளை ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பேசிக்கொள்கிற ஓர் ஊரில், என் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். எட்டு வயது மகள் வடிவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறோம் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

இந்தச் செய்தியை வேறு யாருடைய அப்பாவிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். என் அப்பா பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் தச்சநல்லூர்த் தெருக்களில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, ஆற்றுப்பாலம் தாண்டி, வண்ணார்பேட்டை நெரிசலில் புகுந்து, பாளையங்கோட்டையில் ஒவ்வொரு பள்ளியாக இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப அள்ளுவார். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அவரளவுக்குப் போனவர்கள் திருநெல்வேலியில் குறைவு. உள்ளே போய்ப் படித்ததுதான் இல்லை. அவர் மட்டுமல்ல, அவர் பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை.

அதனாலேயே அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. அழுகிற பிள்ளையை வண்டியில் ஏற்று. சளி பிடித்த பிள்ளையை ஓரமாக ஏற்று. மழை என்றால் தார்ப்பாயை இறக்கிவிட்டு ஏற்று. லீவு என்று பள்ளிக்கூடம் சொல்ல வேண்டும், நாம் சொல்லக்கூடாது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது மட்டும் ஏற்றவில்லை. அன்றும் என் பையை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் காட்டிவிட்டு வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

நான் பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு எடுத்தேன். இதை நான் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். அப்பா அதை ஆட்டோவின் முதுகில் எழுதவைத்துவிட்டார். மற்ற வண்டிகளில் சாமி பெயர் இருக்கும், நடிகர் படம் இருக்கும். எங்கள் வண்டியில் மஞ்சள் பெயின்ட்டில் "மகள் காந்திமதி, கணக்கு 200/200". மங்கும்போதெல்லாம் புதுப்பிப்பார். எனக்குக் கல்யாணமாகி, விமானம் ஏறி, வடிவு பிறந்த பிறகும் அந்த மதிப்பெண் பளபளவென்று வண்ணார்பேட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வெட்கமெல்லாம் கிடையாது. எடுத்த மார்க்தானே.

இப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் பேத்தி இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டாள் என்றேன்.

2

காரணத்தைச் சொல்கிறேன். அதிலும் என் பெருமைக்குப் பங்கு இருக்கிறது.

இங்கே பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் ஆசிரியையோடு உட்காரவைத்துப் பேசுவார்கள். நாற்காலிகள் பிள்ளைகளுடையவை. நம் முழங்கால் நம் தாடையை இடிக்கும். அப்படி உட்கார்ந்துகொண்டு வடிவின் ஆசிரியை சொன்னதைக் கேட்டேன். நல்ல பெண், இருபத்தைந்து வயதிருக்கும். வகுப்பில் முதலில் கை தூக்குவது வடிவுதானாம். குழுவாக வேலை செய்யும்போது தலைமை தாங்குகிறாளாம். பள்ளிக் கூட்டத்தில் தனியாகப் பாடினாளாம். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று வேறு என்னைக் கேட்டார். நான் அடக்கமாக, பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். பத்து நிமிடத்தில் ஒரு நொடிகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. இருநூற்றுக்கு இருநூறு எடுத்தவளின் மகள் வேறு எப்படி இருப்பாள்?

வீட்டுக்கு வரும் வழியிலேயே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் தோசை தின்றுகொண்டிருந்த வடிவிடம், நீ தனியாகப் பாடினாயாமே, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை.

"அது நான் இல்லம்மா. அது மீரா."

"அப்போ தலைமை தாங்குறது?"

"மீராதான்."

"நீ என்ன பண்ணுவே?"

யோசித்துச் சொன்னாள். "நான் மீரா பக்கத்துல இருப்பேன்."

அந்த வகுப்பில் எங்கள் நிறத்தில் இரண்டே பெண்கள். மறுபடியும் போய்க் கேட்டேன். ஆசிரியை முகம் சிவந்து பலமுறை மன்னிப்புக் கேட்டார். வடிவைப் பற்றிய குறிப்பைத் தேடி எடுத்தார். ஒரே வரிதான் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

நம்மூரில் பள்ளியிலிருந்து புகார் வரவில்லை என்றால் அது தங்கமான பிள்ளை. நானும் இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலைகளில் வடிவுக்கு வயிறு வலிக்கும். ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். ஓமத்தின் மகிமை என்று நினைத்திருந்தேன். இப்போது உட்காரவைத்து மெதுவாகக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. அந்த வகுப்பில் அவள் இதுவரை கை தூக்கியதே இல்லை. ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியாது என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். பார்க்காமல் இருப்பதற்காக அசையாமல் உட்கார்ந்திருப்பாளாம். முப்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் அது சுலபமான காரியம்தான்.

இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்தோம். பள்ளியும் முயன்றது, குறை சொல்ல மாட்டேன். அவளை முன்வரிசைக்கு மாற்றினார்கள். முன்வரிசையிலும் அசையாமல் உட்கார்ந்தாள். கடைசியில் என் கணவர் செல்வம்தான் ஆரம்பித்தார். அவர் இங்கே மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார், ஒரு வரியில் பேசுகிறவர். "ஒரு வருஷம் நீயே சொல்லிக்கொடுத்துப் பாரேன்" என்றார். நான் சூப்பர்மார்க்கெட் வேலையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டேன்.

3

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த இந்த நாட்டில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான். என்னைச் சேர்க்க அப்பா எத்தனை நாள் எத்தனை பேரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும். வெளியே வருவது இவ்வளவு லேசாக இருந்தது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு அலுவலக ஜன்னலிலேயே நின்றேன். அங்கே இருந்த அம்மாள், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

டி.சி. வேண்டும் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். இந்தப் பிள்ளை இங்கே படித்தது, இந்தத் தேதியில் நின்றது, நடத்தை நன்று, பள்ளிக்குப் பாக்கி எதுவும் இல்லை, அங்க அடையாளங்கள் இரண்டு.

"அங்க அடையாளங்களா?"

வடிவின் இடது முழங்கையில் ஒரு மச்சம், கழுத்தில் ஒரு மச்சம் என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். யாராவது பிள்ளையைத் தேடுகிறார்களா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் இது இல்லாமல் ஒரு பிள்ளை ஒரு பள்ளியைவிட்டு இன்னொரு பள்ளிக்கு நகர முடியாது என்றேன். அவர் நல்லவர். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், வடிவு இங்கே படித்தாள், அன்பான பிள்ளை, எங்கள் வாழ்த்துகள் என்று எழுதிக்கொடுத்தார். முத்திரை கேட்டேன். முத்திரை இல்லையாம். தேடிப்பார்த்து, பிள்ளைகளின் நோட்டில் குத்துகிற அச்சு ஒன்றை எடுத்துக் குத்தினார். ஓர் ஆந்தை கண்ணாடி போட்டுக்கொண்டு, சபாஷ் என்று சொல்லும்.

அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எழுத்து அவருக்கு வாசிக்க வராது. முத்திரையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "கவர்மென்டு சீலுல ஆந்தையளா போட்டுருக்கான்?" என்று கேட்டுவிட்டு, பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஸ்டாண்டில் யாராவது பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டால், பேச்சை மாற்றி டயர் விலையைப் பற்றிப் பேசுகிறார் என்று அம்மா சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் மார்க்கை முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறவர், என் மகளைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்.

வடிவைத் தேற்றிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

4

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். அதை அப்படியே அடுப்பங்கரையில் இறக்கினேன்.

காலை ஒன்பது மணிக்கு, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பேன். பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வடிவு நிமிர்ந்து நிற்பாள். எதிரே குளிர்சாதனப் பெட்டி. பிறகு வருகைப் பதிவு. "வடிவு செல்வம்." "உள்ளேன் அம்மா." அடுத்த பெயர் கிடையாது, இருந்தாலும் பேனாவைத் தாளில் கீழே இறக்கிக்கொண்டுபோய் மூடுவேன். வாரம் ஒரு பரீட்சை. ரேங்க் போட்டேன். வடிவு முதல் ரேங்க். ஒரு வாரம் கணக்கில் குறைவாக எடுத்ததால் இரண்டாம் ரேங்க் கொடுத்தேன். முதல் ரேங்க் யாருக்கு என்று செல்வம் கேட்டார். யாருக்கும் இல்லை, காலியாக இருக்கிறது என்றேன். அவர் லஞ்ச் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பகலில் பிள்ளையோடு வெளியே போவதும் பழகவேண்டியிருந்தது. பதினொரு மணிக்குக் காய்கறி வாங்கப் போனால், இன்றைக்குப் பள்ளி இல்லையா என்று வடிவிடம் யாராவது ஒரு பாட்டி கேட்பார். முதல்முறை கேட்டபோது, அப்பா பக்கத்தில் நிற்பதுபோல எனக்கு இருந்தது. காய்ச்சல் என்றேன். எனக்குக் காய்ச்சல் இல்லையே என்றாள் வடிவு. அந்தப் பாட்டி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, காரட்டைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துபோனார்.

பாடம் நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன். புரிந்ததா என்று கேட்பேன். புரிந்தது என்பாள். பின்னக் கணக்குக்குப் போனோம். அவள் வயதுக்கு அது அவசியமில்லை, எனக்கு அவசியமாக இருந்தது. புரிந்ததா? புரிந்தது. பரீட்சை வைத்தால் எல்லாம் தப்பு. புரிந்தது என்றாயே என்று குரலை உயர்த்துவேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தட்டை அடிப்பதற்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

ஓமம் எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றேன். பள்ளிக்கூடத்தைவிட்டுத்தான் வந்துவிட்டோமே, இது ஏன் வருகிறது? பதில் எனக்கு எதிரே, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாக, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. செல்வத்திடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

5

அந்த வாரம் பார்த்துத்தானா கவுன்சிலிலிருந்து, அதாவது இந்த ஊர் நகராட்சியிலிருந்து, கடிதம் வர வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை விசாரிக்கிற அதிகாரி ஒருவர் வந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டாம். அதிகாரி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. வீட்டை மூன்றுமுறை பெருக்கினேன். உளுந்து ஊறப்போட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம், எனக்கு இருந்த பயத்தில் வடிவிடம் எங்கள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் கதையைச் சொன்னேன். அதிகாரி வருகிற அன்று காலையில் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். அய்யா என்ன கேள்வி கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவார். அய்யாவுக்கு வகுப்பே அறிவுக்கடலாகத் தெரியும். பிஸ்கட் தின்றுவிட்டுப் போய்விடுவார்.

வடிவு சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, கவனமாகக் கேட்டாள்.

"இடது கை தூக்குனவங்கள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்றேன். எழுப்ப மாட்டார்களா? எழுப்ப மாட்டார்கள். திட்ட? திட்ட மாட்டார்கள், தெரியாது என்று டீச்சருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மறுநாள் வந்த அதிகாரி, மழைக்கோட்டும் பெரிய பையுமாக, ஐம்பது வயது அம்மாள். வடையைப் பார்த்ததும் கண் விரிந்தது. ஒரு சோதனையும் வைக்கவில்லை. என்ன பிடிக்கும், எங்கே போவீர்கள் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டுக் காட்டுகிறேன் என்று என் பெருமை எழுந்து நின்றது. வடிவு, அரையில் எத்தனை கால் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

வடிவு இடது கையைத் தூக்கினாள். நேராக, உச்சிக்கு.

வேறு கேள்வி கேட்டேன். இடது கை. இன்னும் சுலபமான ஒன்று. இடது கை. நான்காவது கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது அதிகாரி குறுக்கிட்டார். உனக்கு இடது கைப் பழக்கமா, கண்ணே?

வடிவு அவரைப் பார்த்தாள். வேற்று மனுஷிகளிடம் ஆமாம் இல்லை தாண்டிப் பேசாத பிள்ளை வாயைத் திறந்தது.

"இல்லை. தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. உங்களை மாதிரி வருகிறவர்களை ஏமாற்றுவதற்காக அம்மாவின் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அம்மா நேற்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்."

அதோடு நிற்கவில்லை. கதவைச் சாத்துவது, பிஸ்கட், எல்லாவற்றையும் வரிசையாக, கையை ஆட்டி, நடித்துக் காட்டினாள். என்னை எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவளிடம் கேட்டார். உன் பழைய பள்ளியில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் எந்தக் கையைத் தூக்கியிருப்பாய்?

"இடது. தினமும்."

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் வடையை எடுத்து வந்து அவர் தட்டில் இன்னும் இரண்டு வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் அறிக்கை வந்தது. பிள்ளை தன்னம்பிக்கையோடும் விரிவாகவும் பேசுகிறாள் என்று எழுதியிருந்தார். ஆளை மாற்றி எழுதிவிட்டாரோ என்று மேலே பெயரைச் சரிபார்த்தேன். வடிவுதான்.

6

தட்டை அடிப்பதை நிறுத்தினேன். ரேங்கும் போனது. வடிவு செல்வம் உள்ளாளா என்பது பார்த்தாலே தெரிகிறது. இருந்தது இடது கை மட்டும்தான். என் பள்ளியில் தெரியாததை மறைக்க ஏற்பட்ட கை, என் வீட்டில் தெரியாததைக் காட்டுகிற கையாகிவிட்டது. அந்த டீச்சர் அறிந்தால் என்ன சொல்லுவாரோ.

பின்னத்தால் வகுக்கும் கணக்குக்குத் திரும்பப் போனோம். தலைகீழாக்கிப் பெருக்கு என்றேன். இடது கை. மறுபடி சொன்னேன், போட்டுக் காட்டினேன். கை இறங்கவில்லை. "எப்படின்னு தெரியுதும்மா. ஏன்?" என்றாள். நான் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் தலைகீழாக்குகிறோம்? என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. இருநூற்றில் ஒரு மார்க்கும் அதற்காகக் குறையவில்லை. சாக்பீஸை மாற்றிப் பிடித்துக்கொண்டு நானும் இடது கையைத் தூக்கினேன். அன்று மதியம் தோசைகளைப் பாதியாகவும் காலாகவும் வெட்டி, எது எதில் எத்தனை முறை அடங்குகிறது என்று அடுக்கிப் பார்த்தோம். விடை கிடைப்பதற்குள் ஆறு தோசை செலவானது.

அப்பா விஷயம் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் சாப்பிட்டியளா என்று கேட்பார். படிப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒரு ஞாயிறு அவர் ஆற்றில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே படித்துறையிலிருந்து பேசினார். பின்னால் தண்ணீர் ஓடியது. வடிவு போனை என்னிடமிருந்து வாங்கி, இந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது தாத்தா என்று கேட்டாள்.

"பாவநாசத்துல இருந்து வருது."

"அங்க எங்கிருந்து வருது?"

"மலையில இருந்து."

"மலைக்கு யார் குடுத்தா? மழை இல்லாதப்போ எப்படி வருது?"

அப்பா துவட்டுவதை நிறுத்தினார். கேள்வி கேட்கிற பேத்தியை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். வடிவு அவருக்குச் சட்டத்தை விளக்கினாள். தெரிந்தால் வலது கை தாத்தா, தெரியாவிட்டால் இடது, வெட்கப்படக்கூடாது, யாரும் திட்ட மாட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுவிட்டு, படித்துறையில் குளிக்கிற ஆட்கள் பார்க்க, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். போன் எங்கேயோ சாய்ந்து வானம் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

"தாத்தாவுக்கு ரெண்டு கையுமே இடதுதான் தாயி."

வடிவு சிரித்தாள். நான் அடுப்பை அணைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அம்மா கூப்பிட்டாள். அப்பா ஸ்டாண்டில் உட்கார்ந்து, என் பேத்தி கேக்குத கேள்விக்கு இங்கன ஒருத்தனுக்குப் பதில் தெரியுமாவே, மலைக்கு யாருவே தண்ணி குடுக்கா என்று எல்லோரையும் மடக்கிக்கொண்டிருக்கிறாராம். டயர் விலை பற்றிப் பேச்சே இல்லையாம்.

போன வாரம் நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜனவரியில், இங்கேயும் அங்கேயும் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிற நேரத்தில், ஆறு வாரம் திருநெல்வேலி. பள்ளியில் இருந்திருந்தால் இப்படிப் போக விட்டிருக்க மாட்டார்கள். பாபநாசம் அருவி, அணை, அதற்கு மேலே வனத்துறை விடுகிறவரைக்கும் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். வடிவு கேள்விகளை எழுதிவைக்கத் தொடங்கிவிட்டாள். அப்பாவிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம அருவியில நிக்க எடம் இருக்காதுளா. புதன்கெழம போவம். பிள்ளையள ஏத்திட்டுப் போவ வேற வண்டிக்குச் சொல்லியாச்சு. நான் அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு."